வயக்காட்டு களிமண் மனையில செடி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் மண்ணுக்கு குடுங்க

வேலூர்னாலே செம்மண்ணு கல்லாங்குத்துன்னு தான் எல்லாரும் நினைக்கறாங்க, பாதி உண்மை தான், ஆனா இப்ப மனை போடுற இடம் எல்லாம் எதுன்னு பாருங்க, காட்பாடி பக்கம் ஆகட்டும் கணியம்பாடி பக்கம் ஆகட்டும் பள்ளிகொண்டா ஆற்காடுன்னு எங்க போனாலும் ஏரிக்கு கீழ இருந்த நஞ்சை நிலம் தான் கல்லு நட்டு லேஅவுட்டா ஆகியிருக்கு. அந்த மண்ணு களிமண்ணு. மழையில செருப்பை விடாது, சித்திரையில கை நுழையற அளவுக்கு வெடிச்சு கிடக்கும். வீட்டை கட்டி முடிச்சு கிரகப்பிரவேசம் ஆன கையோட நர்சரிக்கு போய் நாலு மா, ரெண்டு எலுமிச்சை, ஒரு முருங்கைன்னு வாங்கிட்டு வந்து குழி தோண்டி வெச்சுடறோம், ஐப்பசி மழை முடியறதுக்குள்ள பாதி செடி மஞ்சளாகி போயிடுது.

எனக்கும் அப்படி தான் ஆச்சு. 5 சென்ட் மனை, வீடு போக சுத்தி ஒரு 2 சென்ட்டுக்கு மேல தோட்டத்துக்குன்னு விட்டு வெச்சிருந்தேன். 2021 நவம்பர்ல பாலாறு கரைபுரண்டு ஓடுச்சே, அந்த மழையில என் தோட்டத்துல தண்ணி நின்னது நின்னபடி 12 நாள் இருந்துச்சு, முருங்கையை புடுங்கி பாத்தா வேரு கறுத்து சாக்கடை வாடை அடிக்குது. அதுக்கப்புறம் தான் மண்ணை பத்தி உக்காந்து கத்துக்கிட்டேன், விசாரிச்சேன், செஞ்சு பாத்தேன். புதுசா வீடு கட்டிட்டு தோட்டம் போட நினைக்கறவங்க அதே தப்பை பண்ணக்கூடாதுன்னு தான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல இந்த மண்ணு ஏன் இப்படி இருக்குன்னு புரிஞ்சுக்கணும். களித்துகள்னா 0.002 மில்லிமீட்டரை விட சின்னது, கண்ணுக்கு தெரியாது, தட்டு தட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிக்கும், நடுவுல காத்து போக இடம் இருக்காது. அதோட நம்ம இடம் நெல்லு வெளைஞ்ச இடம். தலைமுறை தலைமுறையா தண்ணி கட்டி சேத்துல உழுது, மிதிச்சு, பரம்பு அடிச்சு, தண்ணி கீழ இறங்காம இருக்கறதுக்குன்னே அந்த மண்ணை பழக்கி வெச்சிருக்காங்க. அப்படி உழுத வயல்ல மேல இருந்து முக்கால் அடி ஆழத்துல சிமென்ட் தளம் மாதிரி ஒரு கெட்டி தட்டு இருக்கும். நெல்லுக்கு அது வரம், மாமரத்துக்கு எமன். அதுக்கு மேல நாம வேற வீடு கட்டறோம்னு ஜல்லி லாரி, செங்கல் லாரி, ஜேசிபின்னு விட்டு ஒரு வருஷம் மிதிக்கறோம், அஸ்திவாரத்துல தோண்டின அடிமண்ணை எடுத்து மேல பரப்பி விடறோம். அந்த அடிமண்ணுல ஒரு சத்தும் கிடையாது, ஒரு புழு கூட கிடையாது.

அதனால இன்னும் வீடு கட்ட ஆரம்பிக்காதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன், இதுக்கு தனியா செலவே இல்ல. கடக்கால் தோண்ட ஜேசிபி வர்ற அன்னிக்கு முதல் வேலையா மேல் மண்ணை ஒரு அரை அடி வழிச்சு மனையோட ஒரு மூலையில குவிச்சு வைக்க சொல்லுங்க, கீழ இருந்து வர்ற மண்ணை அதுகூட கலக்க விடாதீங்க. லாரி வர்றதுக்கு ஒரே தடம் தான்னு மேஸ்திரிகிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க. கலவை போடறது ஒரே இடத்துல தகரம் போட்டு போடட்டும், ஏன்னா சிமென்ட் தண்ணி ஊறின இடத்துல மண்ணு ரொம்ப காரமாயிடும், அதாவது புளிப்புக்கு நேர் எதிர் குணம், இரும்புச்சத்து கிடைக்காம செடி வெளுத்து போகும். பூச்சு வேலை முடிஞ்சதும் சிமென்ட் கட்டி, சுண்ணாம்பு, உடைஞ்ச டைல்ஸ் எல்லாத்தையும் அள்ளி வெளிய போட சொல்லுங்க, "மண்ணுல போட்டு மூடிடலாம் சார்"னு சொல்லுவாங்க, கேக்காதீங்க.

இப்ப உங்ககிட்ட இருக்கறது என்ன மண்ணுன்னு பாக்கணும். மேல இருக்கற குப்பையை தள்ளிட்டு ஒரு முக்கால் அடி ஆழத்துல இருந்து ஒரு கை மண்ணு எடுத்து, கல்லு வேர் எல்லாம் பொறுக்கி, ஒரு உயரமான கண்ணாடி பாட்டில்ல மூணுல ஒரு பங்கு போட்டு, தண்ணி நிரப்பி ஒரு சிட்டிகை துணி சோப்பு பவுடர் போட்டு நல்லா 5 நிமிஷம் குலுக்கி ஜன்னல் ஓரமா வெச்சிடுங்க. ஒரு நிமிஷத்துல மணல் கீழ உக்காந்துடும், ரெண்டு மணி நேரத்துல வண்டல், அதாவது மணலுக்கும் களிக்கும் நடுவுல இருக்கற நுண்மண்ணு உக்காரும், களி மட்டும் ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும். என் பாட்டில்ல மூணாவது நாளு கூட மேல் தண்ணி டீ கலர்ல தான் இருந்துச்சு, படிஞ்சதுல பாதிக்கு மேல வழவழன்னு களி. களி பாதி இருந்தா அது கெட்டி களிமண்ணு தான், சந்தேகமே வேண்டாம்.

அடுத்து தண்ணி இறங்குதான்னு பாக்கணும், இது தான் எல்லாத்தையும் விட முக்கியம். ஒரு அடி அகலம் ஒரு அடி ஆழத்துக்கு ஒரு குழி எடுங்க, தண்ணி ரொப்பி முழுசா இறங்க விடுங்க, மறுபடி ரொப்புங்க, இப்ப ஒரு குச்சியில கோடு போட்டு மணிக்கு எவ்ளோ இறங்குதுன்னு பாருங்க. மணிக்கு ஒரு இஞ்சுக்கு மேல இறங்குச்சுன்னா உங்களுக்கு பெருசா கவலை இல்ல. அதுக்கு கம்மின்னா வேலை இருக்கு. மறுநாள் காலையிலயும் தண்ணி அப்படியே நிக்குதுன்னா அடியில அந்த கெட்டி தட்டு இருக்கு. எனக்கு மறுநாள் சாயங்காலமும் குழியில முகம் தெரிஞ்சுது.

மூணாவது டெஸ்ட்டு நிறைய பேருக்கு தெரியாது, ஆனா மண்ணை திருத்தறதுக்கு போடற ஜிப்சம் வாங்கலாமா வேணாமான்னு சொல்றது இது தான். நல்லா காஞ்ச ஒரு சின்ன மண்ணாங்கட்டி, கொட்டைப்பாக்கு சைஸ் போதும், ஒரு கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணி இல்லன்னா ஆர்ஓ தண்ணி ஊத்தி அதுல மெதுவா போடுங்க, போர் தண்ணி வேண்டாம் அதுல உப்பு இருக்கும். கலக்காதீங்க ஆட்டாதீங்க, அப்படியே விட்டுடுங்க. கட்டி பொடிஞ்சு விழுந்து தண்ணி மட்டும் தெளிவா இருந்தா மண்ணு நல்ல களிமண்ணு தான், மக்குன எரு போட்டாலே வழிக்கு வந்துடும். கட்டியை சுத்தி பால் கலந்தா மாதிரி ஒரு புகை கிளம்பி தண்ணி முழுக்க கலங்கலாகுதுன்னா அதுல சோடியம் ஜாஸ்தி, அதான் நாம களர்னு சொல்றது. களருக்கு மட்டும் தான் ஜிப்சம் வேலை செய்யும், அதுல இருக்கற சுண்ணாம்புச்சத்து சோடியத்தை தள்ளிட்டு அந்த இடத்துல உக்காரும், தள்ளுன சோடியம் தண்ணியோட கீழ போகணும், அதனால வடிகால் இல்லாம ஜிப்சம் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. நம்ம பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுவாங்க, அதை பாத்துட்டு எல்லா களிமண்ணுக்கும் ஜிப்சம் மருந்துன்னு நினைச்சுக்கறாங்க, மல்லாட்டைக்கு அது காய் பிடிக்கறதுக்கு போடறது, கதையே வேற. சுண்ணாம்புத்தூள் போட சொல்லுவாங்க, அது புளிப்பு மண்ணுக்கு, ஏற்கனவே கார மண்ணா இருந்தா போடவே போடாதீங்க.

இதோட மண் பரிசோதனையும் ஒரு தடவை பண்ணிடுங்க. விரிஞ்சிபுரத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, அங்க போய் கேட்டாலே எங்க எப்படி குடுக்கறதுன்னு வழி சொல்லுவாங்க. தோட்டத்துல ஏழெட்டு இடத்துல ஆங்கில வி எழுத்து மாதிரி அரை அடிக்கு வெட்டி, பக்கவாட்டுல இருந்து சீவி எடுத்து, எல்லாத்தையும் ஒண்ணா கலந்து, நிழல்ல காய வெச்சு அரை கிலோ துணிப்பையில கட்டி குடுக்கணும். எருக்குழி கிட்ட, மரத்தடியில, உரம் கொட்டின இடத்துல எடுக்க கூடாது. ரிப்போர்ட்ல பிஎச், ஈசி ரெண்டையும் முதல்ல பாருங்க, பிஎச்னா மண்ணு புளிப்பா காரமான்னு சொல்ற அளவு, ஈசின்னா உப்பு எவ்ளோன்னு சொல்ற அளவு. பிஎச் 8.5க்கு மேல போச்சுன்னா களர் பக்கம் போகுதுன்னு அர்த்தம், ஜிப்சம் எவ்ளோன்னு அவங்ககிட்டயே கேட்டு அந்த அளவு தான் போடணும். ஈசி ஜாஸ்தின்னா உப்பு.

இப்ப எதை செய்யக்கூடாதுன்னு சொல்றேன், ஏன்னா காசு போறது இங்க தான்.

மணல் கொட்டாதீங்க. நான் கொட்டினேன். ஒரு நர்சரியில "ரெண்டு யூனிட் எம்-சாண்ட் அடிச்சு கலந்துடுங்க, மண்ணு பொலபொலன்னு ஆயிடும்"னாங்க, நம்பி இறக்கினேன். வைகாசி வெயில்ல அந்த இடம் செங்கல் சூளையில வெச்சு எடுத்தா மாதிரி ஆச்சு, கடப்பாரை போட்டா நெருப்பு பறக்குது. யோசிச்சு பாத்தா செங்கல் அறுக்கறவங்களும் களிமண்ணுல மணல் கலந்து தானே அறுக்கறாங்க. மணலால களிமண்ணை மாத்தணும்னா பாதிக்கு மேல மணலே இருக்கணும். அரை அடி ஆழ மண்ணை மாத்தறதுக்கு அரை அடி மணல், ஒரு சென்ட் 435 சதுர அடி, 218 கன அடி ஆச்சு, ஒரு யூனிட் 100 கன அடின்னா சென்ட்டுக்கு ரெண்டு யூனிட்டுக்கு மேல. யாரால முடியும், பாலாத்துல ஏற்கனவே மணலே இல்லாம பண்ணிட்டோம்.

ஏரி வண்டல் அடிக்காதீங்க. இதை சொன்னா சண்டைக்கு வருவாங்க, வண்டல் மண்ணு தங்கமாச்சேன்னு. தங்கம் தான், செம்மண்ணுக்கு, மணல்சாரி மண்ணுக்கு. ஏரி அடியில படியறதே களியும் நுண்மண்ணும் தான், களிமண் மனைக்கு அதை அடிச்சா இன்னும் களி சேக்கறோம், அவ்ளோ தான். அதோட நம்ம பக்கம் ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டுன்னு தோல் கழிவு தண்ணி போன ஏரிங்க இருக்கு, குரோமியமும் உப்பும் அந்த மண்ணுல தங்கியிருக்கும், அந்த பக்கத்து மண்ணை சும்மா குடுத்தாலும் சாப்பிடற செடி வைக்கற இடத்துக்கு கொண்டு வராதீங்க. நல்ல ஏரி வண்டல் செம்மண் நிலத்துக்காரங்களுக்கு போகட்டும், தாசில்தார் ஆபீஸ்ல அனுமதி வாங்கிட்டு எடுக்கலாம்.

களிமண்ணு மேல ஒரு அடி செம்மண் கொட்டி அதுல செடி வைக்கறதும் இப்ப எல்லாரும் பண்றாங்க. மேல செம்மண்ணுல தண்ணி சரசரன்னு இறங்கும், களி மேல வந்ததும் நின்னுடும், வேர் அந்த ஒரு அடிக்குள்ளயே சுத்தும், பெரிய காத்து அடிச்சா மரம் சாயும். கீழ மண்ணை கிளறி கலக்காம மேல கொட்டறது எதுவா இருந்தாலும் இதே கதி தான்.

எல்லாத்துக்கும் மேல, ஈரத்துல மண்ணை தொடாதீங்க. மழை விட்டு மூணாவது நாள் மண்ணு மெத்துன்னு இருக்கேன்னு நான் மம்பட்டி எடுத்துட்டு இறங்கினேன். எங்க தெருக்கோடியில ஒரு பெரியவர், அந்த லேஅவுட்டே அவங்க பங்காளிங்க நிலமா இருந்தது தான், அவரு சைக்கிளை நிறுத்திட்டு வேலி ஓரமா வந்து நின்னு பாத்தாரு. "இன்னா கண்ணு, சேறு ஓட்டுறியா? நெல்லு நட போறியா இன்னா?"ன்னாரு. இல்ல தாத்தா பூச்செடி வைக்கலாம்னு, நான் சொல்றேன். உள்ள வந்து குனிஞ்சு நான் வெட்டின இடத்துல ஒரு கட்டியை எடுத்து காட்டினாரு, மம்பட்டி பட்ட பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு மின்னுது. "இதோ பாரு, இஸ்து பூசி வெச்சுகினுகீறே. இது காஞ்சா ஓடு. தண்ணி எங்க இறங்கும்? விட்டுடு, பதம் வரட்டும்"னாரு. அந்த பளபளப்பை நான் மறக்கவே இல்ல, அன்னிக்கு வெட்டின அந்த நாலடி இடம் ரெண்டு வருஷம் ஆகியும் மத்த இடத்தை விட கட்டியா தான் இருக்கு.

பதம் எப்படி பாக்கறதுன்னு அவரு தான் சொல்லி குடுத்தாரு. நாலஞ்சு இஞ்சு ஆழத்துல இருந்து மண்ணு எடுத்து கையில உருண்டை புடிங்க, கட்டை விரலால ஒரு அழுத்து அழுத்துங்க. சப்பாத்தி மாவு மாதிரி குழி விழுந்து அப்படியே நின்னா இன்னும் ஈரம், வீட்டுக்கு போங்க. ரெண்டா மூணா உடைஞ்சு உதிர்ந்தா அது தான் பதம், அன்னிக்கே வேலையை ஆரம்பிங்க, ஏன்னா களிமண்ணுல பதம் ரொம்ப நாள் நிக்காது, நாலஞ்சு நாள்ல கல்லா போயிடும். உருண்டையே புடிக்க வரலன்னா ரொம்ப காஞ்சிருக்கு, லேசா தண்ணி விட்டு பதம் வர்ற வரைக்கும் காத்திருங்க.

இனி வேலை. நம்ம ஊர் மழைக்கு ஏத்தா மாதிரி மாசக்கணக்குல சொல்றேன்.

சித்திரையில கோடை மழை ஒண்ணு பெய்யும் பாருங்க, அது பெஞ்சு பதம் வந்ததும் முதல் கொத்து. சித்திரை மாசத்து புழுதி பத்தரை மாத்து தங்கம்னு சும்மாவா சொன்னாங்க, கொத்தி விட்ட கட்டி கத்திரி வெயில்ல காஞ்சு, அடுத்த மழையில ஊறி, மறுபடி காஞ்சுன்னு தானா வெடிச்சு உதிரும், அந்த வேலையை எந்த மெஷினும் பண்ணாது. கட்டியை உடைச்சு தூளாக்கணும்னு மெனக்கெடாதீங்க, பெரிய பெரிய கட்டியாவே கிடக்கட்டும். சின்ன இடம்னா கடப்பாரை போதும், ஒரு அடிக்கு ஒரு குத்து, ஒன்றரை அடி ஆழம் போகணும், உள்ள போனதும் முன்னும் பின்னும் ஆட்டி விட்டு எடுத்துடுங்க, அடிமண்ணை மேல புரட்டாதீங்க. அந்த கெட்டி தட்டு வந்தா சத்தமே மாறும், டொக்குனு கேக்கும், அதை உடைச்சு கீழ போறது தான் இதுல பாதி வேலை. 20 சென்ட் 30 சென்ட்னு பெருசா இருக்கறவங்க டிராக்டர்ல உளிக்கலப்பை போட்டு ஓட்டுங்க, வேளாண் பொறியியல் துறையில வாடகைக்கு கேட்டு பாக்கலாம். ரோட்டவேட்டர் மட்டும் போட்டு ஓட்டாதீங்க, மேல நாலஞ்சு இஞ்சை மாவு மாதிரி அரைச்சுட்டு அதுக்கு கீழ தேச்சு புதுசா ஒரு தட்டு போட்டுட்டு போயிடும், அந்த மாவு ஒரு மழையில பாலேடு மாதிரி மூடிக்கும். வீட்டு சுவரை ஒட்டி ஒரு நாலஞ்சு அடிக்கு ஆழமா தோண்ட வேண்டாம், களிமண்ணு ஊறினா உப்பும் காஞ்சா சுருங்கும், அஸ்திவாரத்து கிட்ட தண்ணி தேங்க விடக்கூடாது.

அப்படியே வாட்டம் பாத்துடுங்க. 10 அடிக்கு ரெண்டு இஞ்சாவது வீட்டுல இருந்து வெளிய பக்கம் சாயணும். ஓரமா அரை அடி ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், தண்ணி ரோட்டு காலுவாய்க்கோ பக்கத்து பள்ளத்துக்கோ போற மாதிரி. மொட்டை மாடி தண்ணி தோட்டத்துல விழக்கூடாது, தண்ணியை பூமிக்குள்ள இறக்கற மழைநீர் தொட்டிக்கு போகட்டும், அந்த தொட்டியும் களி அடுக்கை தாண்டி கீழ மணல் வர்ற வரைக்கும் போட்டிருக்கணும், இல்லன்னா அது வெறும் கொசு தொட்டி.

வைகாசி ஆனியில எரு. கணக்கு ரொம்ப சுலபம், 3 இஞ்சு கனத்துக்கு பரப்பணும்னா ஒரு யூனிட் 400 சதுர அடிக்கு வரும், அதாவது சென்ட்டுக்கு ஒரு யூனிட்னு வெச்சுக்கோங்க. இதை மேல் அரை அடி முக்கால் அடி மண்ணோட கலக்கணும். ஜாஸ்தியா தெரியும், ஆனா களிமண்ணுல இதுக்கு கம்மியா போட்டா கண்ணுக்கே தெரியாது, ரெண்டு சட்டி எருவை தூவிட்டு மண்ணு மாறலன்னு சொல்றவங்க நிறைய. எருன்னா நல்லா மக்கி, கையில எடுத்தா வாடை இல்லாம டீத்தூள் மாதிரி இருக்கணும், பச்சை சாணி போட்டா கரையானும் வெள்ளைப்புழுவும் தான் வரும். மாடு வெச்சிருக்கறவங்க நம்ம கிராமங்கள்ல இன்னும் இருக்காங்க, குடியாத்தம் பக்கம் அணைக்கட்டு பக்கம் விசாரிச்சா டிராக்டர்ல இறக்குவாங்க, லோடு வர்றப்ப பாதி மண்ணா இருக்கான்னு கைவிட்டு பாத்து வாங்குங்க.

எருவோட கூட நம்ம ஊர்லயே கிடைக்கறது என்னென்னன்னா, மல்லாட்டை தொப்பை, அதாவது வேர்க்கடலை ஓடு, கடலை உடைக்கற மெஷின்ல மூட்டை மூட்டையா கிடைக்கும், களிமண்ணை பிரிச்சு விடறதுக்கு ரொம்ப நல்லது, ஆனா ஒரு நாலு மாசம் சாணிக்கரைசல் தெளிச்சு மக்க வெச்சு போடுங்க, பச்சையா மண்ணுல புதைச்சா மக்கறதுக்கு மண்ணுல இருக்கற தழைச்சத்தை அதுவே தின்னுடும், செடி மஞ்சளாகும். ஆற்காடு ஆரணி பக்கம் ரைஸ் மில்லுல உமி கிடைக்கும், கருக்கின உமி, அதாவது வெள்ளை சாம்பலா போகாம கறுப்பா இருக்கறது, அது கிடைச்சா விடாதீங்க, வருஷக்கணக்குல மக்காம மண்ணுக்குள்ள சின்ன சின்ன இடைவெளியா இருக்கும். வெள்ளை சாம்பல் கார குணம், நம்ம மண்ணு ஏற்கனவே காரம், அதனால அதை அள்ளி கொட்டாதீங்க. தென்னை நார்க்கழிவு மக்கினதா இருந்தா நல்லது, மக்காத நார்த்தூள் வேண்டாம், உப்பும் இருக்கும், துவர்ப்பும் இருக்கும். அம்முண்டி சர்க்கரை ஆலை பக்கம் இருக்கறவங்களுக்கு கரும்பு ஆலை அழுக்கு கிடைச்சா அதையும் மக்க வெச்சு சேக்கலாம். ஒண்ணே போடணும்னு இல்ல, பாதி எரு, மீதி இதுல எது மலிவா கிடைக்குதோ அது.

ஆடி பதினெட்டுக்கு விதைங்க, தோட்டத்து செடி இல்ல, தக்கைப்பூண்டு, வளர்த்து மண்ணுலயே மடக்கி உரமாக்கற பசுந்தாள் பயிர். இது தான் எனக்கு கண்ணை திறந்தது. பசுந்தாள் உரத்துல சணப்பு, கொழிஞ்சின்னு இருக்கு, ஆனா தண்ணி தேங்கற களிமண்ணையும் களரையும் தாங்கறது தக்கைப்பூண்டு தான். ஏக்கருக்கு 20 கிலோ, அப்ப 5 சென்ட்டுக்கு ஒரு கிலோ. ராத்திரி ஊற வெச்சு காலையில தூவி லேசா கிளறி விடுங்க. ஒரு மாசத்துல இடுப்பளவு வரும். வேரு கீழ போற வேகம் இருக்கே, நான் கடப்பாரையில உடைக்க முடியாத இடத்துல அது போச்சு. ஒரு செடியை புடுங்கி வேரை பாருங்க, மிளகு மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கும், நகத்தால கிள்ளினா உள்ள ரோஸ் கலர்ல இருந்தா காத்துல இருக்கற தழைச்சத்தை அது புடிச்சு வெச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். 45 நாள்ல பூ எடுக்க ஆரம்பிக்கும், அப்பவே வெட்டிடணும், பூ எடுத்து காய் வெச்சா தண்டு கட்டையாகிடும், மக்காது. அருவாளால ஒரு சாண் ஒரு சாணா வெட்டி அங்கயே போட்டு, பதம் பாத்து லேசா கொத்தி மண்ணுல மடக்கி விடுங்க, வேரை புடுங்காதீங்க, அது உள்ளயே மக்கி வழி விட்டுட்டு போகட்டும். மக்கறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும், புரட்டாசி கடைசியில இடம் தயார்.

அதுக்கப்புறம் பாத்தியை பிரிங்க. காய்கறி பூச்செடிக்கு நாலடி அகலத்துல முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி, நடுவுல ஒன்றரை அடி நடைபாதை. நடைபாதை மண்ணை வழிச்சு பாத்தி மேல போட்டாலே உயரம் வந்துடும், மழைத்தண்ணி நடைபாதையில ஓடி வாய்க்கால்ல சேரும். ஒரு தடவை பாத்தி போட்டா அதுக்கப்புறம் அதுல கால் வைக்கவே கூடாது, பிள்ளைங்ககிட்டயும் சொல்லிடுங்க, ஒரு ஆள் ஈர களிமண்ணுல ஒரு தடவை மிதிச்சா ஒரு சீசன் வேலை போச்சு.

மரக்குழி விஷயத்துல எல்லாரும் மூணடிக்கு மூணடி தோண்டி செம்மண் மணல் எரு நிரப்பி வைங்கன்னு தான் சொல்றாங்க. கெட்டி களிமண்ணுல அது ஒரு தொட்டி. சுத்தி இருக்கற தண்ணி எல்லாம் அந்த குழிக்குள்ள தான் வந்து சேரும், வெளிய போக வழி இருக்காது, உள்ள வேர் அழுகும். என் எலுமிச்சை அப்படி தான் போச்சு. அதனால ஆழத்தை விட்டுட்டு அகலமா எடுங்க, வேர்க்கட்டி, அதாவது நர்சரி செடியோட வேரை சுத்தி இருக்கற மண்ணு உருண்டை, அது உயரம் எவ்ளோவோ அவ்ளோ தான் ஆழம், அகலம் அதுக்கு மூணு பங்கு. மம்பட்டி தேச்ச பக்கச்சுவரை கடப்பாரையால கீறி சொரசொரப்பா பண்ணி விடுங்க. எடுத்த அதே மண்ணை கொஞ்சம் எரு கலந்து திருப்பி போடுங்க, வேற மண்ணு வேண்டாம். செடியோட கழுத்து, தண்டும் வேரும் சேர்ற இடம், சுத்தி இருக்கற தரையை விட மூணு இஞ்சு மேல இருக்கணும், சுத்தி மண்ணை சரிவா அணைச்சு மேடாக்கிடுங்க.

முதல் வருஷம் எதை வைக்கலாம்னா களிமண்ணு விரும்பற, தாங்கற ஆளுங்களை வைங்க. கொய்யா, நாவல், புங்கன், அரளி, செம்பருத்தி இதெல்லாம் கோச்சுக்காது, வாழை மேட்டுல வெச்சு தண்ணி வடிஞ்சா நல்லாவே வரும். இடம் பெருசா இருந்தா மருதம் வைங்க, ஆத்தோரம் நிக்கற மரம் அது. காய்கறியில கத்திரி, வெண்டை. நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்கு 2023ல புவிசார் குறியீடு வந்துச்சே, அதை ஒரு பாத்தி போட்டு பாருங்க, எங்க வீட்டுல அந்த கத்திரி போட்ட குழம்புக்கு தனி மரியாதை. பப்பாளி, முருங்கை, எலுமிச்சை மூணும் வேர்ல தண்ணி நிக்கறதை பொறுக்காது, ரெண்டாவது வருஷம் நல்ல மேட்டுல வைக்கலாம்.

நட்டதும் மூடாக்கு. காஞ்ச இலை, வைக்கோல், கரும்பு சோகை எது கிடைச்சாலும் மூணு நாலு இஞ்சு, தண்டை ஒட்டாம ஒரு சாண் தள்ளி. தெருவுல வேப்பிலை புங்கையிலை கூட்டி எரிக்கறாங்களே, ஒரு சாக்கு குடுத்து வாங்கிக்கோங்க. மூடாக்கு இருந்தா கோடையில மண்ணு வெடிக்காது, மழை அடிச்சு மேல் மண்ணு பூட்டிக்காது, அடியில மண்புழு வேலை பாக்கும். தண்ணியை தினமும் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்காதீங்க, களிமண்ணு தண்ணியை புடிச்சு வெச்சுக்கற மண்ணு, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மெதுவா நின்னு ஊறற மாதிரி விட்டா போதும், ட்ரிப் போட்டா இன்னும் நல்லது. விரலை ரெண்டு இஞ்சு உள்ள விட்டு ஈரம் பட்டா அன்னிக்கு தண்ணி வேண்டாம்.

ஒரு விஷயம் மனசுல வெச்சுக்கோங்க, எரு மக்கி மக்கி தீந்துகிட்டே இருக்கும், நம்ம வெயில்ல ரொம்ப சீக்கிரம் தீரும். அதனால வருஷா வருஷம் ஆடிக்கு முன்னாடி ஒரு இஞ்சு மேல பரப்பணும், கொத்தி கலக்க கூட வேண்டாம், மூடாக்கை ஒதுக்கிட்டு பரப்பி மறுபடி மூடிடுங்க, புழுவே உள்ள இழுத்துட்டு போயிடும். இதை விட்டுட்டா மூணே வருஷத்துல மறுபடி பழைய களி தான்.

போன புரட்டாசியில அதே இடத்துல, முதல்ல ஒண்ணரை நாள் தண்ணி நின்ன அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, மறுபடி ஒரு அடி குழி எடுத்து தண்ணி ரொப்பி பாத்தேன். மண்ணு பொட்டுக்கடலை மாதிரி உருண்டை உருண்டையா உதிருது, குழி சுவர்ல தக்கைப்பூண்டு வேர் மக்கின ஓட்டை வரிசையா தெரியுது, ஒரு ஓட்டைக்குள்ள மண்புழு சுருண்டு கிடக்குது. ரெண்டாவது தடவை ரொப்பின தண்ணி மணிக்கு ஒன்றரை இஞ்சு இறங்குச்சு. பெரியவரை கூட்டிட்டு வந்து காட்டினேன், குனிஞ்சு ஒரு கை அள்ளி மூந்து பாத்துட்டு, "இப்ப வை முருங்கையை"ன்னாரு. மேற்கு மூலையில மேடு போட்டு ஒரு கொம்பு நட்டிருக்கேன், அதை வெட்டி குடுத்ததும் அவரு தான்.